கையெழுத்துப் போட்டவர்களின் சாலை

பூரணம் செத்த பதினேழாம் நாள் காலையில், பொன்மலர் நகர்க்காரர்களுக்குப் புறவழிச்சாலை முடியாமல் போயிற்று. எல்லாருக்கும் அல்ல, இருநூற்றுப் பதினான்கு பேருக்கு மட்டும். பால் வண்டிக்காரருக்கும், எதிர்ப்புறத்து வாரியக் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கும், தெருநாய்களுக்கும் அது எப்போதும்போல நூற்று நாற்பது அடிச் சாலையாகவே இருந்தது. நடுவில் அரளிச்செடி வைத்த தடுப்பு, இந்தப் பக்கம் மூன்று தடம், அந்தப் பக்கம் மூன்று தடம். ஆனால் நகர் நலச்சங்கத்தின் தலைவர் அரங்கநாயகம், சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வாசல் கேட்டைத் தாண்டிக் காரை விட்டு, தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வழியாகத் திருச்சிப் பக்கம் திரும்பப் பார்த்தபோது, அந்த இடைவெளி வந்து சேரவே இல்லை. முக்கால் மணி நேரம் ஓட்டினார். அரளிப் பூ ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் ஒரு முழம்கூடக் கிட்ட வரவில்லை. லாரிகள் காரை உரசுகிற மாதிரி இரண்டு பக்கமும் அலறிக்கொண்டு போயின. பயந்துபோய்ப் பின்னால் எடுத்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, கேட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணி அங்கயே நிறுத்தி வச்சுட்டீங்க?" என்றார் காவலாளி.

அந்த நேரம் எதிரிலிருந்து சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள் செங்கமலம். அரங்கநாயகம் வீட்டில் பதினோரு வருஷமாகச் சமையல் செய்கிறவள், பூரணத்தின் அக்கா. வேர்த்துக் கொட்ட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். உலையில் வைத்த தண்ணீர் கொதித்ததைப் பார்க்கிறவளுக்கு என்ன ஆச்சரியம் இருக்குமோ, அவ்வளவுதான் இருந்தது அவள் முகத்தில். உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

நடந்தது இதுதான். நகருக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு, நகரை ஒட்டியே கிடந்த நாலு ஏக்கர் காலி நிலத்தில் நாலு மாடிக் கட்டடங்கள் எழுப்பி நூற்று அறுபது வீடு கொடுப்பதாக முடிவாகியிருந்தது. நகர் வாசலுக்கு எதிரே புறவழிச்சாலையில் ஒரு சிக்னலும், ஆள் கடக்கக் கோடும், வேகத்தடையும் போடுவதாகவும் இருந்தது. இரண்டுக்கும் ஆட்சேபம் தெரிவித்து எழுதிய மனு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கநாயகம் வீட்டுக் கூடத்தில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. வந்தவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தவள் செங்கமலம்தான். ஒவ்வொருத்தரும் பேனாவை வாங்குவதற்கு வசதியாக, அவர்கள் கையிலிருந்த தட்டை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"எண்ணூறு பேர் வந்து குவிஞ்சா தண்ணிக்கு எங்க போறது?" என்றார் ஒருவர்.

"நாலு மாடியில நின்னா நம்ம வீட்டுப் பின்கட்டு அப்படியே தெரியுமே" என்றார் இன்னொருவர்.

"சிக்னல் போட்டா நம்ம வண்டிங்கதான் நிக்கணும். வேகத்தடையில ஏறி ஏறி முதுகு போயிடும்" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பஞ்சாபகேசன்.

அரங்கநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரையும் நாம வேண்டாம்னு சொல்லல. வேலைக்கு வரட்டும், முடிச்சுட்டுப் போகட்டும். பக்கத்துல எதுக்கு?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து அடி தள்ளி நின்ற செங்கமலம் அந்த ஒரு வார்த்தையை, புடவையில் ஒட்டிய நாயுருவி விதை மாதிரி, அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மனு வழக்காயிற்று. நாலு ஏக்கரில் கருவேல முள் வளர்ந்தது. சிக்னல் வரவில்லை. வாய்க்கால் கரைக் குடிசைகளை மட்டும் சொன்ன தேதியில் இடித்தார்கள். வாரியம் புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம், வற்றிய ஏரியோரம் வீடு கட்டிக் கொடுத்தது. அக்காளும் தங்கையும் அங்கே ஒரு வீட்டில் குடியேறினார்கள். இரண்டு பேருக்குமே கட்டிய புருஷன் சரியில்லை. விட்டுவிட்டு வந்து ஒன்றாகப் பொங்கித் தின்றவர்கள். பூரணம் நகர்ப் பூங்காவைக் கூட்டுகிற வேலையில் இருந்தாள். குரல் பெரிசு. பூங்காவில் அவள் சிரித்தால் மூன்று தெரு தள்ளிச் சமையலறையில் நிற்கிற அக்காளுக்குக் கேட்கும். ஐந்து வருஷம் ஆறாயிரம் லாரிக்குத் தப்பி அந்தச் சாலையைக் கடந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தடுப்பிலிருந்து இறங்கி இரண்டாவது தடத்தில் கால் வைத்தபோது எம்-சாண்ட் ஏற்றிய லாரியில் அடிபட்டாள். செங்கமலம் நாலு அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். துடைப்பம் மட்டும் இந்தப் பக்கம் வந்து விழுந்தது.

நலச்சங்கம் ஒரு மலர்வளையம் அனுப்பியது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அரங்கநாயகம், "சாலையைக் கடக்கும்போது கவனமாக இருக்குமாறு தங்கள் வீட்டு வேலையாட்களுக்கு அறிவுறுத்தவும்" என்று போட்டார். நாற்பது பேர் கை கூப்பினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம், செங்கமலம் தனியாகத் தடுப்பு வரைக்கும் நடந்துபோய், அரளிக்குக் கீழே கிடந்த சாலை மண்ணை ஒரு கை அள்ளினாள். அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கிற குரலில், "கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தனுக்கும் நீ தீராமப் போ" என்று சாலையிடம் சொன்னாள். மண்ணைத் தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாலை கேட்டுக்கொண்டது.

முதல் வாரம் நகரில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தரும் தனக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைத்து ரகசியமாக மாத்திரை சாப்பிட்டார்கள். இரண்டாவது வாரம் அதிகாரி ஒருவர் வந்து டேப் வைத்து அளந்தார். நூற்று நாற்பது அடி. "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று எழுதிக்கொண்டு போனார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்த அரங்கநாயகம், கால் இரண்டும் மும்முரமாக நடந்துகொண்டிருக்க, அதே இடத்திலேயே இருந்ததை அதிகாரி கவனித்தாரோ இல்லையோ, அறிக்கையில் சேர்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அது பழகிப்போயிற்று. கையெழுத்துப் போடாத பிள்ளைகளும் மருமகள்களும் கடைக்குப் போய்வந்தார்கள். தன் கையெழுத்தோடு மனைவியின் கையெழுத்தையும் தானே போட்ட ஒருவரின் குட்டு வெளிப்பட்டது. அந்த அம்மாள் சாதாரணமாகச் சாலையைக் கடந்து தாய்வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தார்.

பஞ்சாபகேசன் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, கடக்கத்தானே முடியவில்லை என்று இடப்பக்கமே காரைத் திருப்பிப் போனார். போனவருக்குத் திரும்பி வர வழியில்லை, எங்கே வளைத்தாலும் தடுப்பு விலகி விலகிப் போனது. மூன்றாம் நாள் மணப்பாறைப் பக்கத்திலிருந்து அழாத குறையாகப் போன் செய்தார். நாலாம் நாள், சாலையோரத்தில் அவர் கால் வீங்க நின்றதைப் பார்த்து, முறுக்கு விற்கிற பெண் ஒருத்தி, "வயசான காலத்துல ஏன் சாமி இப்படி முழிக்கிறீங்க?" என்று அதட்டிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நாற்பது எட்டில் அந்தப் பக்கம் வந்துவிட்டார். நடுரோடு என்றும் பார்க்காமல் முறுக்குக்காரியின் காலில் விழுந்தார்.

விஷயம் அப்படித்தான் தெரிந்தது. அந்தச் சாலையை நடந்தே கடந்து பிழைக்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டால் கையெழுத்துப் போட்டவருக்கும் தீரும், சொந்தப் பிள்ளைகளின் கை உதவவில்லை. அதுவும் தோலோடு தோல் பட வேண்டும். ஒருவர் கையுறை போட்டுப் பார்த்தார், ஓர் அம்மாள் கைக்குட்டை சுற்றிப் பார்த்தார். துணி பட்ட மறு விநாடி சாலை பழையபடி நீண்டது. காலையில் வேலைக்கு வருகிற பெண்கள், உள்ளே நுழைவதற்கு முன்னால் கேட்டருகே காத்து நிற்கிற பெரிய மனிதர்களை ஆளுக்கு ஒருவராகக் கைப்பிடித்து அந்தப் பக்கம் விட்டார்கள். சாயங்காலம் திரும்பக் கூட்டி வந்தார்கள். கடந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியவர்கள் உண்டு. கழுவுகிறவர்களை மறுநாள் யாரும் கூட்டிப்போகவில்லை, அதனால் கழுவுவது நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜெபமணி, குப்பை வண்டி தள்ளுகிற மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை போனபோது தடுப்பிலேயே நின்று, "இத்தனை வேகமாவா வர்றான்? தினமும் இப்படியா கடக்குறீங்க?" என்று கேட்டார்.

"ஆமா டீச்சர். முதல் ரெண்டு வருசம் பயமா இருக்கும்" என்றாள் மரகதம்.

செங்கமலம் ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. கேட்டருகே நீட்டிய கைகளுக்கு நடுவே கூந்தலை முடிந்துகொண்டே நடந்துபோனாள். மற்ற பெண்களும் அரங்கநாயகத்தின் கையை மட்டும் தொடவில்லை. யாரும் பேசி முடிவு செய்ததல்ல. அவர் செங்கமலத்துக்கு உரியவர் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் வேலையை விடவுமில்லை. தோசை சுட்டுப்போட்டு, எதிரில் நின்று, அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தபடி அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சுருங்கிப்போவதைப் பார்த்தாள். அது அவளுக்குத் தூக்கம் கொடுத்தது, பசி கொடுத்தது.

இப்படி ஏழு மாதம். எட்டாவது மாதம் அவர் மனைவி சுலோசனாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. அவளும் கையெழுத்துப் போட்டவள்தான், ஆனால் ஆம்புலன்ஸில் மரகதம் அவள் கையைப் பிடித்து உட்கார்ந்ததால் வண்டி கடந்து போய்விட்டது. உடன் ஏறப்போன அரங்கநாயகத்தைப் பார்த்து மரகதம் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, சீக்கிரம் வந்து பார்த்துவிடச் சொல்லி.

அரங்கநாயகம் சமையலறை வாசலுக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் அந்தப் படியைத் தாண்டியதில்லை.

"செங்கமலம், கையைக் குடு."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க சார்" என்றாள்.

கேட்டருகே நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள், செங்கமலம் அரங்கநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கியதை. அவர் கை வேர்த்திருந்தது. ஒரு தடம், இரண்டு தடம், மூன்று தடம். ஏழு மாதமாக நகராத அரளிச்செடி அவர் முழங்காலில் உரசியது. அவருக்குக் கண் கலங்கி, "நீ நல்லா இருக்கணும்" என்றார்.

"இங்கதான் சார்" என்றாள் செங்கமலம்.

"என்ன?"

"எந் தங்கச்சி கடைசியா நின்ன எடம்."

கையை விட்டாள்.

விட்டுவிட்டு மிச்ச மூன்று தடத்தையும் கடந்து போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தார். முன்னாலும் சாலை, பின்னாலும் சாலை. கூப்பிட்டார், லாரிச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பேருந்து வந்தது. செங்கமலம் ஏறி மருத்துவமனைக்குப் போனாள்.

சுலோசனாவுக்கு நினைவு இருந்தது. "அவரு வரலையா?" என்று கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்காரும்மா" என்றாள் செங்கமலம். பொய் இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து அந்த அம்மாளின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். கை லேசாக இருந்தது. வருஷா வருஷம் தீபாவளிக்குப் பூரணத்துக்கும் சேர்த்துப் புடவை எடுத்த கை, பஜ்ஜித் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட கை. இரண்டையும் அவள் மறக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குச் சுலோசனா வாசலைப் பார்த்தபடி இறந்துபோனாள்.

வெயில் தாழ்ந்தபோது செங்கமலம் திரும்பி வந்தாள். அரங்கநாயகம் தடுப்பில் அரளிகளுக்கு நடுவே புழுதி படிந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா போயிட்டாங்க சார்."

இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். நினைத்த மாதிரியேதான் இருந்தது. நெஞ்சுக்குள் வெல்லம் கரைகிற மாதிரி இருந்தது. கரைந்து முடிந்தபோது பூரணம் இன்னும் செத்துத்தான் கிடந்தாள். செங்கமலம் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு அவளோடு போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். மறுநாள் கொள்ளி வைத்தார். திரும்பி வரும்போது தடுப்பருகே அவராகவே கையை உருவிக்கொண்டு, "நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள். அரங்கநாயகம் தடத்தில் இறங்கி இரண்டு கையையும் விரித்து லாரிகளை மறித்துக்கொண்டிருந்தார். லாரிகள் நின்றன. பெண்கள் அவசரமில்லாமல் கடந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. ஜெபமணி டீச்சர் குடை கொடுத்தனுப்பினார். டிவிக்காரர்கள் வந்தார்கள். நலச்சங்கத்தார் கேட்டில் அவர் படத்தோடு பேனர் கட்டினார்கள். பத்தாம் நாள் சிக்னல் கேட்டு மரகதம் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தது: மேற்படி இடத்தில் போக்குவரத்தை ஒழுங்கு செய்ய ஆள் இருப்பதால் சிக்னல் தேவையில்லை.

மரகதம் அதைப் படித்துக் காட்டியபோது செங்கமலத்துக்கு, தங்கை செத்த அன்றைக்கு வராத ஆத்திரம் வந்தது. நேராகத் தடுப்புக்குப் போனாள்.

"எறங்குங்க சார்."

"இது எனக்குக் கிடைச்ச தண்டனை, செங்கமலம். அனுபவிச்சுத் தீத்துடுறேன்."

"உங்களுக்குப் பிடிச்சத நீங்களே எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு தண்டனையா? குடை பிடிச்சுக்கிட்டு, மாலை போட்டுக்கிட்டு? நீங்க எத்தனை நாளைக்கு நிப்பீங்க? நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எங்கள்ல எவ சாவுறது?"

அவர் குடையை மடக்கினார்.

"உங்களுக்கு என்ன தண்டனைன்னு நான் சொல்றேன். சிக்னல் வரணும். வேகத்தடை வரணும். அந்த நாலு ஏக்கர்ல, உங்க காம்பவுண்டு ஓரமா, நூத்தி அறுபது வீடும் வரணும். வழக்க வாபஸ் வாங்குங்க. போட்ட அத்தனை பேரும் மாத்திப் போடணும். பக்கத்துல எதுக்குன்னு கேட்டீங்களே, பக்கத்துலயே வந்து குடியிருக்கேன். பாத்துக்கிட்டுக் கெடங்க."

கையைப் பற்றி, மாட்டை இழுக்கிற மாதிரி அவரை நகருக்குள் இழுத்துப் போனாள். அதே கூடத்தில் இன்னொரு தாள் வைக்கப்பட்டது. இந்த முறை பஜ்ஜி இல்லை. ஜெபமணி முதலில் போட்டார். போட்டுவிட்டு வெளியே போய்த் தனியாகச் சாலையைக் கடந்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "நூத்தி நாப்பது அடிதான்" என்றார். அதைக் கேட்டு மற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போட்டார்கள். மனம் மாறிப் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம், மீதிப் பேர் கடை கண்ணிக்குப் போகப் போட்டார்கள். சாலை அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. கடைசியாகப் போட்டவர் அரங்கநாயகம். அவருக்கு மட்டும் சாலை பாதி வரைக்கும்தான் சுருங்கிக் கொடுத்தது. அரளி வரை போகலாம், அதற்கப்புறம் பழையபடிதான். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கு முடிந்து, முள்ளை வெட்டி, நாலு மாடி எழும்ப இரண்டு வருஷம் ஆயிற்று. சிக்னல் அதற்கு முன்பே வந்துவிட்டது. குலுக்கலில் செங்கமலத்துக்கு மூன்றாவது மாடி விழுந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே அரங்கநாயகம் வீட்டுப் பின்கட்டு. துளசி மாடம், துவைக்கிற கல், அவருடைய சாய்வு நாற்காலி. அவர் வீட்டு வேலையை அவள் குடிவந்த அன்றைக்கே விட்டுவிட்டாள். அவர் தானே பொங்கிக்கொண்டார். காலையில் அவர் பின்கட்டுக்கு வரும்போது அவள் ஜன்னலில் நிற்பாள். சத்தம் போட மாட்டாள், எதையும் எறிய மாட்டாள், சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். மாடியெங்கும் பிள்ளைகள் கத்தும், குக்கர் விசில் அடிக்கும், நூற்று அறுபது வீட்டுத் துணி காற்றில் படபடக்கும். அவர் போகவும் இடமில்லை. அரளிக்கு அப்பால் அவரைக் கூட்டிப்போக ஒரு கை வேண்டும். அந்தக் கை மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.

ஒரு நாள் அவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டே விட்டார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிப் பாத்துக்கிட்டே நிக்கப்போறே, செங்கமலம்?"

செங்கமலம் கம்பியில் ஈரத்துணியைப் பிழிந்து போட்டாள்.

"வீட்ட எம் பேருக்கே எழுதிக் குடுத்துட்டாங்க சார்" என்றாள். "நான் எங்கயும் போகப்போறதில்ல."